ஆட்டைக் கடைசியில் வாங்குங்கள்: புதிதாக ஆடு வளர்க்க வருபவர்களுக்கு

நான் முதலில் ஆட்டை வாங்கினேன். 12 பெட்டை, 1 கிடா, சந்தையில் ஒரே காலையில் வாங்கி முடித்தேன். கொட்டகை தயாராக இருந்ததால் வேறென்ன வேண்டும் என்று நினைத்துவிட்டேன். எட்டாம் நாள் ஒரு பெட்டைக்கு மூக்கில் சளியும் கண்ணில் பீளையும் வந்தது. மறுநாள் வாயெல்லாம் புண், அப்புறம் கழிச்சல். மூன்று வாரத்துக்குள் 5 ஆடுகளைப் புதைத்தேன். பார்க்க வந்த மருத்துவர் ஆட்டுக்கொல்லி நோய் என்றார். வாங்கும்போதே ஏதோ ஒன்றின் உடம்புக்குள் நோய் இருந்திருக்கும் என்றார். மிச்சமிருந்த ஆடுகளுக்குப் போட முறையான தீவனமும் என்னிடம் இல்லை.

செய்த வேலைகளில் பாதி சரியானவைதான். வரிசைதான் தலைகீழ். அந்த வரிசையைத்தான் இங்கே சரியாக எழுதுகிறேன். 10 ஆட்டோடு தொடங்குகிறவரை மனதில் வைத்து எழுதியது இது. 100 ஆட்டோடு தொடங்க நினைப்பவர்களிடம் ஒரே வேண்டுகோள்: முதல் ஆண்டு 10 போதும்.

1. ஆடு வருவதற்கு 3 மாதம் முன்பே தீவனம் நடுங்கள்

ஆடு ஒரு நாளைக்குத் தன் எடையில் 3 முதல் 4 சதவீதம் உலர்பொருள் தின்னும். உலர்பொருள் என்றால் தண்ணீர் போக மிஞ்சுகிற தீவனம். 30 கிலோ ஆட்டுக்கு இது சுமார் 1 கிலோ. பசுந்தீவனத்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பதால், வெறும் பச்சையை மட்டும் போட்டால் ஒரு ஆட்டுக்கு 4, 5 கிலோ வேண்டும். நான் இப்போது 3 கிலோ பசுந்தீவனம், 300 கிராம் அளவுக்கு உலர்தீவனம், 150 முதல் 200 கிராம் அடர்தீவனம் (தானியம், பிண்ணாக்கு கலவை) என்று பிரித்துக் கொடுக்கிறேன். 10 ஆட்டுக்கு மாதம் 900 கிலோ பச்சை ஆகிறது. இதை யாரிடமாவது வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தால் மழையில்லாத மாதத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

தீவனச் சோளம் 60, 70 நாளில் வெட்டுக்கு வரும். கம்பு நேப்பியர் புல் முதல் வெட்டுக்கு ஏறக்குறைய 75 நாள் எடுக்கும், அதன்பின் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை வெட்டலாம். வேலிமசால் போன்ற பயறுவகைத் தீவனம் முதல் வெட்டுக்கு 3 மாதம். புல் மட்டும் நட்டால் வயிறு நிறையும், புரதம் போதாது. மூன்றில் ஒரு பங்கு இடத்திலாவது பயறுவகையோ மரத்தழையோ இருக்கட்டும். ஆட்டுக்குத் தலை குனிந்து மேய்வதைவிட நிமிர்ந்து தழை கடிப்பதுதான் பிடிக்கும். வேலியோரம் முழுக்க மரத்தீவனம் வைத்தால் இடமும் மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. இளம் சோளப்பயிரிலும், வறட்சியில் வாடி மறுபடி துளிர்த்த சோளத்திலும் சயனைடு நஞ்சு இருக்கும். முழங்கால் உயரப் பயிரில் ஆடு புகுந்தால் சில நிமிடங்களில் சரிந்து விழுந்துவிடலாம். பூ வந்த பிறகே வெட்டிப் போடுங்கள். அதுவரை வேலியைப் பாருங்கள்.

2. கொட்டகைக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள்

கையில் இருக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொட்டகைக்குப் போடக்கூடாது என்பது என் கருத்து. ஆட்டுக்குத் தேவை மழை படாத கூரை, காய்ந்த தரை, காற்றோட்டம். இந்த மூன்றும் மரத்தாலும் கிடைக்கும், இரும்பாலும் கிடைக்கும்.

வளர்ந்த ஆடு ஒன்றுக்கு 1 முதல் 1.5 சதுர மீட்டர் இடம் விடுங்கள். கிடாவுக்குத் தனி அறை, அதற்கு 2 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. பரண் போடுவதானால் சட்டங்களுக்கு நடுவே 1 முதல் 1.5 சென்டிமீட்டர் இடைவெளி போதும். அதைவிட அகலமாக விட்டால் குட்டியின் கால் மாட்டும். அடியில் ஆள் குனிந்து புகுந்து புழுக்கையைக் கூட்டி எடுக்கும் உயரம் வேண்டும். வெயில் அதிகமுள்ள இடமானால் கொட்டகையின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும்.

காற்றோட்டம் போதுமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. விடியற்காலையில் உள்ளே போய்க் குத்துக்காலிட்டு உட்காருங்கள். உங்கள் மூக்கு ஆட்டின் மூக்கு உயரத்துக்கு வர வேண்டும். கண் எரிந்தாலோ மூத்திர நெடி தொண்டையில் பிடித்தாலோ அந்த ஆடுகள் இரவெல்லாம் அதைத்தான் சுவாசித்திருக்கின்றன. சளிக்கு மருந்து தேடுவதற்கு முன் பக்கச் சுவரைத் திறந்துவிடுங்கள்.

பலர் கட்டாமல் விடுவது தனிமைப்பட்டியை. கொட்டகையிலிருந்து தள்ளி, காற்று அங்கிருந்து இங்கே வீசாத பக்கத்தில், 3 ஆடு நிற்கிற அளவுக்கு ஒரு சிறு பட்டி. தொட்டியும் வாளியும் அதற்கென்று தனியாக. இது இல்லாமல் ஆடு வாங்கப் போகாதீர்கள்.

3. கால்நடை மருத்துவரை இப்போதே போய்ப் பாருங்கள்

ஆடு படுத்த பிறகு மருத்துவரைத் தேடினால் அவருக்கு உங்கள் இடமும் தெரியாது, மந்தையும் தெரியாது. வாங்குவதற்கு முன்பே போய் உட்கார்ந்து கேளுங்கள். இந்தப் பகுதியில் எந்த நோய் எந்த மாதத்தில் வருகிறது, எந்தத் தடுப்பூசி எப்போது, புழுக்கைப் பரிசோதனை எங்கே செய்கிறார்கள், இரவில் ஈற்று சிக்கினால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மந்தையைப் பதிவு செய்வது கட்டாயமா, ஆட்டை வண்டியில் ஏற்றிக் கொண்டுவர உடல்நலச் சான்று வேண்டுமா என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். சில இடங்களில் சான்றிதழை ஆடு ஏற்றுவதற்குச் சில நாள் முன்புதான் தருவார்கள், அதற்கும் காலக்கெடு உண்டு. வண்டி பேசிவிட்டுச் சான்றுக்கு அலைய வேண்டாம்.

4. வாங்கும் நாள்

சந்தையில் வாங்காதீர்கள். பல மந்தைகளின் ஆடுகள் மூக்கோடு மூக்கு உரசி நிற்கிற இடம் அது. வளர்ப்பவரின் பட்டிக்கே போங்கள். இரண்டு பட்டிகளுக்கு மேல் வேண்டாம், ஒன்றாக இருந்தால் நல்லது. காலையில் தீவனம் வைப்பதற்கு முன் போய்ச் சேருங்கள். தொட்டியில் தீவனம் விழும்போது எது ஓடி வருகிறது, எது ஒதுங்கி நிற்கிறது என்பதைப் பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். ஒதுங்கி நிற்பதை எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.

பிறகு ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாருங்கள். கீழ்த்தாடைப் பல் வயதைச் சொல்லும். 8 பாற்பல்லும் அப்படியே இருந்தால் ஒரு வயதுக்குள். நடுவில் 2 பெரிய பல் வந்திருந்தால் ஒன்று முதல் ஒன்றரை வயது. 4 பல் இரண்டு வயதை ஒட்டி, 6 பல் மூன்றை ஒட்டி, 8 பல் நான்கை ஒட்டி. புதியவர்களுக்கு 2 பல், 4 பல் ஆடுகள்தான் ஏற்றவை. வாலுக்கடியில் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா, மடியில் கட்டி இருக்கிறதா, காம்பு இரண்டும் ஒழுங்காக இருக்கின்றனவா, நடக்கும்போது நொண்டுகிறதா என்று பாருங்கள். ஆசனவாயில் வெப்பமானி வைத்தால் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. வெயிலில் நடந்து வந்த ஆட்டுக்குச் சற்றுக் கூடுதலாகக் காட்டும், நிழலில் நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

நிறைசினை ஆடு வாங்கினால் சீக்கிரம் குட்டி கிடைக்கும் என்பது ஆசையைத் தூண்டும் பேச்சு. வண்டிப் பயணமும் இடமாற்றமும் தீவன மாற்றமும் சேர்ந்து கருவைக் கலைத்துவிடும். கருச்சிதைவுக்குப் பெயர்போன புரூசெல்லா நோய் மனிதருக்கும் தொற்றும். முடிந்தால் இரத்தப் பரிசோதனை செய்து வாங்குங்கள். குட்டி வீசிய ஆட்டையோ நஞ்சுக்கொடியையோ வெறுங்கையால் தொடக்கூடாது, கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போகக்கூடாது.

ஆவணங்களைப் பொறுத்தவரை வாய்ப்பேச்சு எதற்கும் உதவாது. காதுவில்லை எண், வயது, விலை, தேதி எழுதி விற்றவர் கையொப்பமிட்ட சீட்டு வாங்குங்கள். தடுப்பூசி அட்டையில் தேதியும் மருந்தின் தொகுதி எண்ணும் இருக்க வேண்டும். "எல்லாம் போட்டாச்சு" என்றால் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். காப்பீடு எடுக்கப்போகிறீர்கள் என்றால் காதுவில்லை தெரியும்படி ஒவ்வொரு ஆட்டையும் அன்றே படம் எடுத்துவையுங்கள். வில்லை கழன்று விழுந்தால் உடனே தெரிவித்து மாற்ற வேண்டும், ஆடு செத்த பிறகு வில்லை இல்லையென்றால் இழப்பீடு கேட்க வழியிருக்காது. காப்பீடு எந்த நாளிலிருந்து செல்லும் என்ற வரியையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

5. முதல் 30 நாள்

வந்த ஆடுகள் 30 நாள் தனியாக இருக்கட்டும். ஆட்டுக்கொல்லி நோய் உடம்பில் புகுந்து வெளியே தெரிய பெரும்பாலும் 4 முதல் 6 நாள் ஆகும், சில நேரம் இரண்டு வாரம் வரை போகும். மற்ற சில நோய்கள் இன்னும் மெதுவாக வரும். 30 நாள் என்பது அதற்காகத்தான். எல்லாமே புது ஆடுகள்தானே, எதிலிருந்து எதைப் பிரிப்பது என்று கேட்கலாம். இரண்டு பட்டிகளில் வாங்கியிருந்தால் அந்த இரண்டையும் கலக்காமல் வையுங்கள். நான் அதைச் செய்திருந்தால் சாவு ஒரு பக்கத்தோடு நின்றிருக்கும்.

வந்த அன்று தண்ணீரும் உலர்தீவனமும் மட்டும் கொடுங்கள். அடர்தீவனம் வேண்டாம். ஆட்டின் பெருவயிற்றில் செரிமானம் செய்வது நுண்ணுயிர்கள். அவை பழைய தீவனத்துக்குப் பழகியவை. 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். விற்றவரிடமே அவர் போடுகிற தீவனத்தில் ஒரு மூட்டை விலைக்கு வாங்கி வருவது நல்ல யோசனை. தானிய மூட்டை இருக்கும் அறைக்குப் பூட்டுப் போடுங்கள். ஆடு தாழ்ப்பாளை மூக்கால் நெம்பித் திறந்துவிடும். ஒரே இரவில் வயிறு முட்டத் தானியம் தின்றால் பெருவயிறு புளித்து ஆடு செத்துப்போகும்.

6. குடற்புழு: அதிகப் பணத்தையும் ஆட்டையும் தின்பது இதுதான்

கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழு ஒன்று ஒரு நாளைக்கு சுமார் 0.05 மில்லிலிட்டர் இரத்தம் குடிக்கும். அற்பமாகத் தெரியும். 1,000 புழு இருந்தால் நாளுக்கு 50 மில்லிலிட்டர். ஒரு பெண்புழு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அவை புழுக்கையோடு விழுந்து, ஈரமும் சூடும் இருந்தால் ஒரு வாரத்தில் இளம்புழுவாகிப் புல்லில் ஏறும். பெரும்பாலானவை புல்லின் அடி 5 சென்டிமீட்டரில்தான் இருக்கும். அதனால் பனி காய்ந்த பிறகு மேய விடுவதும், புல்லை 10 சென்டிமீட்டருக்குக் கீழே மேய விடாமல் அடுத்த இடத்துக்கு ஓட்டுவதும் மருந்தைவிட நல்ல மருந்து.

இந்தப் புழுவால் பெரும்பாலும் கழிச்சல் வராது. ஆடு தின்னும், நடக்கும், திடீரென்று ஒரு காலையில் செத்துக் கிடக்கும். அதற்கு முன்பே கண்ணிமை சொல்லிவிடும். ஆட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். மேல் இமையைக் கட்டை விரலால் மூடி, கண்ணை மெல்ல அழுத்திக்கொண்டே மற்ற கட்டை விரலால் கீழ் இமையை இழுங்கள். உள்சதை வெளியே பிதுங்கும். ஓரிரு நொடிக்குள் நிறத்தைப் பார்த்துவிட வேண்டும், நேரம் போனால் அழுத்தத்தில் நிறம் மாறும். நல்ல சிவப்பு என்றால் கவலையில்லை. வெளிறிய இளஞ்சிவப்பு என்றால் மருந்து. காகிதம் போல வெள்ளையாக இருந்தால் அன்றே மருத்துவர். தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கினாலும் அப்படித்தான். நிறத்தை 5 படியாகப் பிரித்த ஃபமாச்சா அட்டை கிடைத்தால் வாங்கி, ஒருமுறை மருத்துவரிடம் பார்க்கப் பழகுங்கள். மழை மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லா ஆட்டையும் பார்க்கிறேன், 10 ஆட்டுக்கு அரை மணி நேரம் ஆகிறது.

மருந்தில் மூன்று தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எடை போடாமல் கண்மதிப்பில் ஊற்றுவது முதலாவது. குறைந்த அளவு மருந்து புழுவைக் கொல்லாது, மருந்துக்குப் பழக்கிவிடும். செம்மறியாட்டுக்குச் சொன்ன அளவை வெள்ளாட்டுக்குக் கொடுப்பது அடுத்தது. வெள்ளாட்டின் உடம்பு பல புழு மருந்துகளைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும், அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மூன்றாவது, காலண்டர் பார்த்து எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் கொடுத்துவிட்டுப் புது மேய்ச்சலுக்கு ஓட்டுவது. அந்த மருந்தில் சாகாத புழுக்கள் மட்டும் அங்கே போய்ப் பெருகும். தேவைப்படும் ஆட்டுக்கு மட்டும் கொடுங்கள். கொடுத்த 10 முதல் 14 நாளில் புழுக்கையைப் பரிசோதித்தால் மருந்து வேலை செய்ததா என்று தெரியும். பரிசோதனைக்கு ஆகிற செலவு பயனில்லாத மருந்தை ஒரு வருடம் ஊற்றுவதைவிடக் குறைவு. அல்பென்டசோல் சேர்ந்த மருந்தைச் சினையின் தொடக்கத்தில் கொடுக்கவே கூடாது, குட்டி ஊனமாகும்.

3 வாரத்திலிருந்து 5 மாதம் வரையிலான குட்டிகளுக்குக் கழிச்சல் வந்தால் அது பெரும்பாலும் இரத்தக்கழிச்சல் நோய். புழு மருந்து அதற்குக் கேட்காது. காய்ந்த தரையும் எச்சம் விழாத தீவனத் தொட்டியும்தான் முதல் தடுப்பு.

7. தடுப்பூசி

ஆட்டுக்கொல்லி நோய்க்கும், துள்ளுமாரி என்கிற குடல்நச்சு நோய்க்கும் கட்டாயம் போடுங்கள். மற்றவை உங்கள் பகுதியைப் பொறுத்தவை. ஆட்டுக்கொல்லித் தடுப்பூசியைக் குட்டிக்கு 3, 4 மாதத்தில் போட்டால் பல ஆண்டு தாங்கும். துள்ளுமாரிக்கு முதல் ஊசி போட்டு 2 முதல் 4 வாரத்தில் மறுஊசி, அதன்பின் ஆண்டுதோறும். சினையாட்டுக்கு ஈற்றுக்கு ஒரு மாதம் முன்பு போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் பாதுகாப்பு போகும். மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். பனிக்கட்டிப் பெட்டி இல்லாமல் பையில் எடுத்து வந்த மருந்தைப் போடுவதும் போடாததும் ஒன்று. ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரமாவது ஆகும், அதற்குள் புது ஆடு சேர்க்காதீர்கள்.

8. சினையும் ஈற்றும்

வயதைப் பார்த்து இணை சேர்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். அந்த இனத்தின் வளர்ந்த பெட்டை எடையில் 60 முதல் 65 சதவீதம் வந்த பிறகுதான். 20 முதல் 30 பெட்டைக்கு 1 கிடா போதும். கிடாவை ஒன்றரை, இரண்டு ஆண்டில் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் தன் மகளோடே சேரும். பருவம் 18 முதல் 21 நாளுக்கு ஒருமுறை வரும், ஒன்று அல்லது ஒன்றரை நாள் இருக்கும். சேர்த்த தேதியை எழுதினால் 150 நாள் கூட்டி ஈற்றுத் தேதியைக் குறித்துவிடலாம். குட்டியின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி 50 நாளில்தான். அடர்தீவனத்தைக் கூட்ட வேண்டியது அப்போது.

ஈற்று நெருங்கும்போது சுத்தமான துணி, டிஞ்சர் அயோடின், வெப்பமானி, பால்புட்டி, கையுறை ஆகியவற்றை ஒரு வாளியில் போட்டுக் கொட்டகையில் தொங்கவிடுங்கள். பனிக்குடம் தெரிந்து ஆடு நன்றாக முக்கியும் அரை மணி நேரத்தில் ஒன்றும் நகரவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். இழுத்துப் பார்க்காதீர்கள். குட்டி விழுந்ததும் மூக்கைத் துடைத்து, தொப்புள்கொடியை அயோடினில் முக்குங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். ஒரு நாளுக்குள் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போக வேண்டும். 3 கிலோ குட்டிக்கு அது 300 மில்லிலிட்டர், பல தடவையாக. நேரம் போகப் போகக் குடல் அந்த எதிர்ப்புச் சத்தை உறிஞ்சாது.

ஒரு விடியலில் கொட்டகை மூலையில் ஒரு குட்டி தலையைப் பக்கவாட்டில் போட்டுக் கிடந்தது. வாய்க்குள் விரலை விட்டேன், உள்ளே சில்லென்று இருந்தது. நான் செய்த தவறு, அப்படியே புட்டியில் பால் புகட்டியது. உடல் குளிர்ந்த குட்டியால் உறிஞ்சவும் முடியாது, செரிக்கவும் முடியாது. பால் நுரையீரலுக்குப் போனது. அந்தக் குட்டி பிழைக்கவில்லை. முதலில் சூடு, பிறகுதான் பால். தலை மட்டும் வெளியே இருக்கும்படி குட்டியை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, 39, 40 டிகிரி வெந்நீரில் வைத்திருங்கள். ஆறினால் வெந்நீர் சேருங்கள். வாய் கதகதப்பாகித் தலையைத் தானே தூக்கிய பிறகு சீம்பால் கொடுங்கள். பிறந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஆன குட்டியானால் சூடேற்றும் முன் குளுக்கோஸ் தேவைப்படும், மருத்துவரைக் கூப்பிட்டுவிடுங்கள். இதைச் செய்து அடுத்த ஆண்டு இரண்டு குட்டிகளைக் காப்பாற்றினேன். இரண்டும் இப்போது ஈன்ற பெட்டைகள்.

9. பணம் எப்போது வரும்

காலத்தை இப்படிக் கணக்கிடுங்கள். ஆடு வந்து 30 நாள் தனிமை. உடல் தேறி இணை சேர இரண்டாம் மாதம். ஈற்று ஏழாம் மாதம். குட்டி 3 மாதத்தில் பால் மறக்கும், விற்கும் எடைக்கு வர இனத்தைப் பொறுத்து 6 முதல் 9 மாதம். ஆக, முதல் விற்பனை 13 முதல் 16 மாதம் கழித்துத்தான். அதுவரைக்கும் வெறும் செலவு. அந்தச் செலவை 100 பங்கு என்று வைத்தால் 60 முதல் 70 பங்கு தீவனத்துக்கே போகும். ஆடு வாங்கும் பணம் போக, 15 மாதத் தீவனமும் மருந்தும் கையில் இருந்தால் இறங்குங்கள். இல்லையென்றால் ஆட்டின் எண்ணிக்கையைக் குறையுங்கள். தீவனத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தால் சினை பிடிக்காது, பால் வராது, குட்டி தேறாது.

கிடாக்குட்டிகளைச் சீக்கிரம் கொழுக்கவைக்கத் தானியத்தைக் கூட்டுகிறவர்கள் கவனியுங்கள். சுண்ணாம்புச்சத்தும் பாஸ்பரசும் 2:1 அளவில் இல்லையென்றால் சிறுநீர்ப் பாதையில் கல் அடைக்கும். குட்டி முதுகை வளைத்து முக்கும், மலச்சிக்கல் என்று நினைத்துவிடுவோம். தாதுஉப்பும் எப்போதும் சுத்தமான தண்ணீரும் வையுங்கள்.

கடைசியாக ஒரு நோட்டு. ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு பக்கம். வாங்கிய தேதி, எடை, ஊசி, மருந்து, இணை சேர்ந்த நாள், ஈன்ற நாள், குட்டி எத்தனை, பிறந்தபோதும் 30, 60, 90 நாளிலும் குட்டியின் எடை. மருந்து கொடுத்தால் எத்தனை நாள் அந்த ஆட்டின் பாலையும் இறைச்சியையும் விற்கக் கூடாது என்று குப்பியில் போட்டிருக்கும், அந்தத் தேதியைச் சிவப்பு மையில் எழுதுங்கள். இரண்டு ஈற்று முடிந்ததும் நோட்டைப் புரட்டுங்கள். எந்தப் பெட்டையின் கண்ணிமை எப்போதும் சிவந்திருக்கிறது, எது இரட்டைக்குட்டி போட்டு இரண்டையும் தேற்றுகிறது என்று பக்கத்துக்குப் பக்கம் தெரியும். அந்தப் பெட்டைகளின் குட்டிகளை விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு மூன்று, நான்கு முறை மருந்து கேட்கிற ஆட்டை அதற்கடுத்த விற்பனையில் அனுப்பிவிடுங்கள்.